வைக்கோல் கணக்கையும் தை மாதத்திலேயே எடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மழை பொய்த்தாலும் சரி, அறுவடை நேரத்தில் வந்து கெடுத்தாலும் சரி, எத்தனை ஏக்கர் நெல் கருகியது, எத்தனை ஏக்கர் சாய்ந்து முளைத்தது என்ற செய்தி நாளிதழ்களில் தவறாமல் வந்துவிடுகிறது. அதிகாரிகள் வயலுக்கு வருகிறார்கள், கணக்கெடுக்கிறார்கள், நிவாரணத் தொகையும் முன்பின்னாக வந்து சேர்கிறது. ஆனால் அதே வயலிலிருந்து எங்கள் வீட்டுப் படப்புக்கு (வைக்கோல் போருக்கு) வந்திருக்க வேண்டிய வைக்கோல் என்ன ஆனது என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தையும் நான்கு மாடுகளையும் வைத்துப் பிழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்க விரும்புகிறேன்.

இந்தக் கடற்கரையில் மாடு வளர்ப்பது, பாசன வசதியுள்ள ஊர்களில் மாடு வளர்ப்பதைப் போன்றதன்று. கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்தில் கிணற்றடியில் பத்து சென்ட் நிலத்தில் கம்பு நேப்பியர் புல்லை நட்டு, ஆண்டு முழுவதும் அறுத்துப் போடுகிறார்கள். எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்டால் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. கால்நடைத் துறையினர் ஒருமுறை கொடுத்த புல் கரணைகளை நானும் நட்டுப் பார்த்தேன். மார்கழி வரை மழை ஈரத்தில் தளதளவென்று நின்ற புல், மாசியில் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சத் தொடங்கியதும் நுனி கருகிப் பங்குனிக்குள் பட்டுப்போயிற்று. எனவே பசுந்தீவனம் என்பது எங்களுக்கு ஐப்பசி முதல் தை வரை தரவை என்னும் திறந்த மேய்ச்சல் வெளியிலும் கண்மாய் உட்புறத்திலும் முளைக்கும் புல் மட்டுமே. மற்ற மாதங்களில் பெரும்பாலும் மாட்டின் உயிர் படப்பில் இருக்கும் வைக்கோலில்தான் நிற்கிறது.

அந்த வைக்கோலோ முழுக்க முழுக்க மழையைச் சார்ந்தது. இம்மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 827 மில்லிமீட்டர் என்று சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்போம். பெய்த மழையில் பயிர் முளைத்து, கண்மாய் பெருகினால் அதைக் கொண்டு கதிர் வரை தேற்றி, தையில் அறுப்போம். ஆண்டுக்கு ஒரே போகம். படப்பு ஏறுவதும் ஆண்டுக்கு ஒரே முறைதான்.

சராசரி என்ற சொல் எங்களை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2024 நவம்பர் 20-ஆம் தேதியைச் சொல்லலாம். அன்று ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை ஒரு பகலிலும் இரவிலும் பெய்து முடிக்கும் மழையால் மழைமானியின் கணக்கு நிறையுமே தவிர, படப்பு நிறையாது.

எங்கள் வீட்டுக் கணக்கையே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நெல்லின் எடைக்கு ஏறக்குறைய சமமான எடையில் வைக்கோல் கிடைக்கும். நல்ல ஆண்டில் ஏக்கருக்கு ஒரு டன் வைக்கோல் வீடு வந்து சேர்ந்தால் நாங்கள் திருப்தியடைவோம். மூன்று ஏக்கருக்கு 3,000 கிலோ. அறுவடை முடிந்ததும் மாடுகள் வயலில் நிற்கும் அடித்தாளை மேய்ந்து பங்குனி வரை ஓட்டிவிடும். சித்திரை தொடங்கி ஆவணி முடிய ஐந்து மாதங்கள், அதாவது 150 நாள்கள், முழுவதும் வைக்கோல்தான். மாட்டுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ என்று சிக்கனமாகப் போட்டாலும் நான்கு மாடுகளுக்கு 24 கிலோ. 150 நாள்களுக்கு 3,600 கிலோ. ஆக, நல்ல ஆண்டிலேயே 600 கிலோ வெளியில் வாங்கியாக வேண்டும். விளைச்சல் முழுவதும் போன ஆண்டில் 3,600 கிலோவையும் வாங்க வேண்டும். இயந்திரம் கட்டித் தரும் உருளைக் கட்டு ஒன்று 15 கிலோ என்று வைத்துக்கொண்டால் 240 கட்டுகள். கட்டு 100 ரூபாய் என்றால் 24,000 ரூபாய். அதே கட்டு 250 ரூபாய்க்கு ஏறினால் 60,000 ரூபாய், அதாவது ஒரு நல்ல கறவை மாட்டின் விலை. இந்தப் பணத்தைக் கடன் வாங்கி வைக்கோலில் போடுவதா, அல்லது மாட்டையே விற்றுவிடுவதா என்பதுதான் தை மாதத்தில் எங்கள் வீடுகளில் நடக்கும் பேச்சு.

மழை கெடுவதிலும் மூன்று விதம் உண்டு. மூன்றும் வைக்கோலை மூன்று விதமாகப் பாதிக்கின்றன. இதைத் துறையினர் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதே என் முதல் மனக்குறை.

முதலாவது, தொடக்கத்திலேயே பொய்ப்பது. 2016-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. தமிழகத்துக்கு அந்தப் பருவத்தில் 440 மில்லிமீட்டர் கிடைத்திருக்க வேண்டிய வடகிழக்குப் பருவமழை 168 மில்லிமீட்டரோடு நின்றது. 62 சதவீதம் குறைவு. எங்கள் வயலில் பயிர் முழங்கால் உயரம்கூட வரவில்லை. புழுதியில் போட்ட விதை ஒரு தூறலுக்கு முளைத்து, அடுத்த மழை வராமல் சருகாயிற்று. அந்த ஆண்டில் நெல்லும் இல்லை, வைக்கோலும் இல்லை, தரவையில் புல்லும் இல்லை.

இரண்டாவது, கார்த்திகையில் மழை நின்றுபோவது. பயிர் வளர்ந்துவிடும், கதிரும் வெளிவரும். பால் பிடிக்கும் நேரத்தில் கண்மாய் வற்றிவிடுவதால் மணிகள் பதராகிவிடும். நெல்லைப் பொறுத்தவரை இது முழு இழப்பு. ஆனால் இங்குதான் வைக்கோலைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு இருக்கிறது. தாள் முழுவதும் காய்ந்து வெளுப்பதற்கு முன், பச்சை மிச்சமிருக்கும்போதே அறுத்து உலர்த்தினால் அது சாதாரண வைக்கோலைவிடச் சத்துள்ள தீவனமாகும். நடைமுறையில் என்ன நடக்கிறது? இழப்பைக் கணக்கெடுக்கும் வரை வயலில் கை வைக்கக் கூடாது, வைத்தால் நிவாரணமோ காப்பீடோ கிடைக்காது என்ற அச்சத்தில் விவசாயிகள் காத்திருக்கிறார்கள். கணக்கெடுத்து முடிப்பதற்குள் தாள் காய்ந்து, ஊர் ஆடுகள் புகுந்து, கட்டிக் கொண்டுவர ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஓர் ஆண்டில் நானும் அப்படிக் காத்திருந்து இரண்டு ஏக்கர் தாளை இழந்தேன்.

மூன்றாவது, தையில் பெய்யும் மழை. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழை இதற்குச் சான்று. ராமநாதபுரம் முதல் காவிரிப் படுகை வரை, அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. அந்த ஆண்டில் வைக்கோல் அளவில் குறையவில்லை, தரத்தில் செத்துப்போயிற்று. பத்து நாள் தண்ணீரில் கிடந்த தாளைக் கரையேற்றிக் காயவைத்து எப்படியோ படப்பு போட்டோம். நான்காம் நாள் சந்தேகப்பட்டுப் படப்பின் நடுவில் கையை விட்டேன். வெந்நீர்ப் பானைக்குள் விட்டதுபோலச் சூடு. பிரித்துப் பார்த்தபோது உள்ளே வெண்பூசணம் படர்ந்து, புளித்த வாடை வீசியது. மேலாக நன்றாகத் தெரிந்த ஒரு பிடியை எடுத்துப் பசுவின் முன் போட்டேன். அது ஒருமுறை முகர்ந்தது, மூச்சை உஸ்ஸென்று விட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கசாலையின் (மாட்டுக் கொட்டகையின்) மூலையைப் பார்த்து நின்றது. பசியோடு இருக்கும் மாடு வைக்கோலை மறுப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வேறு வழியின்றிப் பூசணம் பிடித்ததைப் போட்ட வீடுகளில் மாடுகள் கழிந்தன, பால் குறைந்தது. பூஞ்சை நஞ்சு பாலிலும் இறங்கும் என்று கால்நடை மருத்துவர் எச்சரித்த பிறகு, அந்தப் படப்பு முழுவதையும் எருக்குழியில் தள்ளினோம்.

அறுவடை இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கூலி ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் அது இல்லாமல் முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கையறுவடையில் அடித்தாள் வரை வீடு வரும். இயந்திரம் தாளை உயர்த்தி அறுத்து, மிச்சத்தை வயலில் விட்டுவிடுகிறது. வெளியே துப்பும் தாளும் நொறுங்கிக் கிடக்கிறது. வயல் ஈரமாக இருந்தால் செயின் சக்கரம் பூட்டிய அந்த இயந்திரம் தாளின்மேலேயே ஏறி இறங்கிச் சேற்றோடு மிதித்துவிடும். பிறகு வைக்கோல் கட்டும் இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் பகுதியில் அது குறைவு. பெரிய பாசனப் பகுதிகளில் வேலை முடித்துத்தான் இங்கே திரும்புகிறது. இடைப்பட்ட நாளில் ஒரு தூறல் விழுந்தால், தைப் பனியோடு சேர்ந்து, தாள் கறுத்துவிடுகிறது. எங்கள் தந்தையார் காலத்தில் நெட்டையான நாட்டு ரகங்கள் இருந்தன. நெல் குறைவு, வைக்கோல் நிறைவு. இன்றைய ரகங்கள் குட்டை. நெல்லுக்காக அதை ஏற்றுக்கொண்டோம். ஆனால் மாட்டுக்குக் குறைந்ததை யாரும் வேறு வழியில் ஈடுசெய்யவில்லை.

மாட்டை விற்பது என்ற முடிவுக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், தீவனம் இல்லையென்றால் இரண்டை விற்றுவிட்டு மழை வந்தபின் வாங்கிக்கொள்ளலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். விற்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் காளைக்கன்று போகும். அடுத்து, பால் வற்றிச் சினையும் பிடிக்காத வயதான மாடு. அதற்கடுத்துத்தான் சிக்கல். கறவையில் இருக்கும் பசு அன்றாடச் செலவுக்குப் பால் தருகிறது. சினைப்பசு நாளைக்குத் தரப் போகிறது. இன்னும் ஈனாத இளம்பசுவான கிடேரியோ இன்றைக்கு ஒன்றும் தராமல் தின்கிறது. ஆகவே தீவன நெருக்கடியில் பெரும்பாலான வீடுகளில் கிடேரியை விற்றுவிடுகிறார்கள். அன்றைய கணக்குக்கு அது சரியாகத் தெரியும். ஆனால் ஒரு கன்று வளர்ந்து, பருவத்துக்கு வந்து, சினை பிடித்து, ஒன்பது மாதம் பத்து நாள் சுமந்து ஈனுவதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். இன்று விற்ற கிடேரியின் வெற்றிடம் மூன்று ஆண்டுகள் கழித்து, மூத்த பசு ஓயும் நேரத்தில்தான் தெரியும். ஒரு பருவத்து மழை தவறினால் அதன் விளைவு நான்கு ஆண்டுகள் கழித்தும் ஊர்ப் பால் சங்கத்தின் ஏட்டில் தெரிகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

2017 மாசியில் எங்கள் வீட்டிலும் இது நடந்தது. செவலைக் கிடேரி, இரண்டு வயது முடியவில்லை. சந்தைக்கு ஓட்டிப்போனால் அங்கும் எல்லோரும் விற்க வந்தவர்களே; வாங்க வந்தவர்கள் வெளியூர் வியாபாரிகள் மட்டும். விலா எலும்பு தெரியும் மாட்டுக்கு அவர்கள் கேட்ட விலையைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. பிறகு வியாபாரி ஒருவர் வீட்டுக்கே வந்து, துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசி முடித்தார். கையில் பிடித்துப்போகக் கயிறு வேண்டும் என்றபோது, என் தாயார் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, புதுக் கயிறு வாங்கிவந்து கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். விற்ற மாட்டின் கயிற்றைக் கொடுத்தால் பட்டி விருத்தியும் கூடப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் கயிறு கசாலை முளையில் இன்றும் தொங்குகிறது. அந்த இடத்தில் மறுபடி ஒரு கிடேரி கட்ட எங்களுக்கு 2020 ஆயிற்று. நாங்கள் விற்றபோது வாங்கிய பணத்தைப்போல இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினோம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வைக்கோல் மலியும், எல்லோரும் மாடு தேடுவார்கள், விலை ஏறும். மழை தவறிய ஆண்டில் எல்லோரும் விற்பார்கள், விலை விழும். இந்தச் சுழலில் சிறு விவசாயி எப்போதும் தவறான பக்கத்திலேயே நிற்கிறார்.

அரசு உதவியே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2017 ஜனவரி 10-ஆம் தேதி எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. உலர்தீவனக் கிடங்குகள் திறந்து, கிலோ 2 ரூபாய்க்கு வைக்கோல் கொடுத்தார்கள். மாட்டுக்கு நாளொன்றுக்கு 3 கிலோ, ஐந்து மாடுகள் வரை. அந்த விலை மிகப் பெரிய உதவி. ஆனால் எங்களுக்கு எட்டும் தூரத்தில் அந்த வைக்கோல் கிடைத்தபோது சித்திரை பிறந்துவிட்டது. செவலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. தையில் முடிவெடுக்கும் விவசாயிக்குச் சித்திரையில் வரும் வைக்கோல், ஏற்கெனவே விற்காமல் தாங்கியவர்களுக்குத்தான் பயன்படும். தாங்க முடியாதவர்களுக்குப் பயன்படாது.

நிவாரண விதிகளிலும் இந்த இடைவெளி இருக்கிறது. வெள்ளத்திலோ புயலிலோ பசு இறந்தால் 37,500 ரூபாய் வழங்கப்படும் என்று 2023 டிசம்பரில் தமிழக அரசு உயர்த்தி அறிவித்தது, வரவேற்கிறேன். ஆனால் வைக்கோல் இல்லாமல் பாதி விலைக்கு விற்கப்பட்டுப் போன பசு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. பயிர்ச் சேதத்தில், 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால்தான் நிவாரணம் என்ற வரம்பு இருக்கிறது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து மகசூலை அளக்கிறார்கள். அந்த மகசூல் என்பது தானியம் மட்டும்தான். 2021-இல் போல, நெல் ஓரளவு தேறி வைக்கோல் முழுவதும் அழுகிய வயலுக்கு, வைக்கோல் இழப்பு என்று எழுதுவதற்குப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. பரிசோதனைக்காக வயலில் அளந்து அறுக்கும் சதுரத்திலேயே, நெல்லை எடை போட்டபின் தாளையும் தராசில் வைத்தால் இன்னும் பத்து நிமிடம்தான் ஆகும். அந்த எண் கையில் இருந்தால், எந்த வட்டத்தில் எத்தனை டன் குறைகிறது என்பது தை முடிவதற்குள் மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும்.

குறைகிற வைக்கோலை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்வி நியாயமானது. வழக்கமாக எல்லோரும் தஞ்சை, திருவாரூரைத்தான் கைகாட்டுகிறார்கள். நல்ல ஆண்டுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக அங்கிருந்து லாரிகள் வரத்தான் செய்கின்றன. ஆனால் காவிரிப் படுகையின் சம்பா, தாளடி நெல் பருவங்களும் எங்களைப்போல வடகிழக்குப் பருவத்தை நம்பியிருப்பவை. 2016-இல் எங்களோடு அவர்களும் காய்ந்தார்கள். 2021-இல் எங்களோடு அவர்களும் நனைந்தார்கள். நமக்கு இல்லாத ஆண்டில் அங்கும் இருக்காது. எனவே வேறு பருவத்தில், வேறு மழையில் விளையும் இடங்களைப் பார்க்க வேண்டும். முல்லைப் பெரியாறு நீரில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. தாமிரபரணியில் கார் பருவ நெல் சாகுபடி இருக்கிறது. இவ்விரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் பலன்பெறுபவை. எங்கள் பருவம் கெட்டாலும் அவர்கள் முதல் போகம் கெடாதிருக்கப் பெரிதும் வாய்ப்பு உண்டு. இன்று அந்த வைக்கோலில் ஒரு பகுதியை மலை தாண்டிக் கேரளத்துக்கு வாங்கிப் போகிறார்கள். அவர்களுக்கும் மாடு இருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் அங்கே அறுவடை நேரத்தில் விலை குறைவாக இருக்கும்போதே கால்நடைத் துறையோ கூட்டுறவுச் சங்கங்களோ ஒரு பங்கை வாங்கி, கட்டுகளாக இங்கே கொண்டுவந்து வைக்கலாம். நனையாமல் இருந்தால் வைக்கோல் ஓராண்டுக்கு மேலும் தாங்கும். நல்ல மழை ஆண்டில் எங்கள் சொந்த மாவட்டத்திலேயே திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பகுதிகளில் மலிந்துகிடக்கும் வைக்கோலையும் அப்படியே வாங்கி வைக்கலாம். வறட்சி அறிவிக்கப்பட்ட பிறகு மும்மடங்கு விலையில் தேடி அலைவதைவிட அது அரசுக்கும் செலவு குறைவு.

விவசாயிகளாகிய நாங்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் அரசை மட்டும் கேட்பது முறையாகாது. படப்பைத் தரையில் போடாமல், பனங்கட்டையோ கருவை முட்டோ அடுக்கி அதன்மேல் போட்டால் அடிவைக்கோல் ஓர் அடி உயரத்துக்கு அழுகுவது நிற்கும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று படப்பின் தலையைப் பிய்த்துக்கொண்டு போகாதிருக்க, எங்கள் ஊரில் மீனவ உறவுகளிடம் கிழிந்த பழைய வலையை வாங்கி மேலே விரித்து, ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிடுகிறோம்; ஐந்து ஆண்டுகளாக என் படப்பு அந்த வலைக்குள்தான் நிற்கிறது. ஈரப்பதம் சிறிது மிச்சமிருக்கும் வைக்கோலை அடுக்கும்போது அடுக்குக்கு அடுக்கு உப்புத் தூவுவது பெரியவர்கள் செய்த வழக்கம், அதை விட்டுவிட்டோம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்து, பிறகு ஆறவிட்டுப் போடும் முறையைச் செய்து பார்த்தேன். முதல் இரண்டு நாள் மாடுகள் தயங்கின, பிறகு கழிக்காமல் தின்றன. குறைந்த வைக்கோலில் வயிறும் நிறைந்தது, பாலும் நின்றது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு மட்டும் அதைப் போடக் கூடாது.

மேட்டு நிலத்தில் ஒரு பங்கில் குதிரைவாலியோ தீவனச் சோளமோ விதைத்தால், நெல் தவறினாலும் தட்டை கிடைக்கும். ஆனால் மழையில்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் மாட்டை விட்டுவிடக் கூடாது. அதில் ஊறும் நஞ்சு சில மணி நேரத்தில் மாட்டைச் சாய்த்துவிடும். வறட்சி ஆண்டில் பசியின் அவசரத்தில் இந்தத் தவறு நடக்கிறது. வேலிக்கருவை நெற்றையும் இடித்துத் தவிட்டோடு அளவாகக் கலந்து கொடுக்கலாம். அதையே முழுத்தீவனமாக்கினால் மாடு நலிந்துவிடும். ஆடுகள் அந்த நெற்றில் ஓரளவு பிழைத்துக்கொள்கின்றன. மாட்டை விற்ற பல வீடுகள் ஆட்டுக்கு மாறியதற்கு அதுவே காரணம். ஆடு வளர்ப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆடு காலைப் பாலும் தராது, வயலுக்கு வண்டிக்கணக்கில் தொழுவுரமும் தராது. இந்த உவர் மண் நெல் விளைவதற்குத் தொழுவுரம் எவ்வளவு தேவை என்பதை ராமநாதபுரத்தில் இருக்கும் கடலோர உவர் நில ஆராய்ச்சி மையத்துக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாடு குறைந்தால் எரு குறைகிறது. எரு குறைந்தால் மண் மழை ஈரத்தைப் பிடித்து வைப்பது குறைகிறது. அடுத்த வறட்சியில் பயிர் இன்னும் ஒரு வாரம் முன்னதாகவே வாடுகிறது. எங்கள் கண்ணெதிரே நடப்பது இதுதான்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் கால்நடைத் துறைக்கும் என் வேண்டுகோள்கள் இவை. பயிர்க் கணக்கெடுப்பின்போதே வைக்கோல் இழப்பையும் தனியாக எழுதட்டும். பதராகிப்போன வயலில் ஒரு மூலையைச் சான்றுக்கு விட்டுவிட்டு மீதித் தாளை அறுத்துக்கொள்ளலாம் என்று எழுத்துபூர்வமாக அறிவிக்கட்டும். கூட்டுறவுச் சங்கங்களிடம் வைக்கோல் கட்டும் இயந்திரங்களைக் கொடுத்து, அறுவடை நாளிலேயே வாடகைக்குக் கிடைக்கச் செய்யட்டும். உலர்தீவனக் கிடங்குகளை வறட்சி அறிவிப்புக்காகக் காத்திராமல், பருவமழை முடியும் டிசம்பர் இறுதியில் மழை அளவைப் பார்த்து, தைப் பொங்கலுக்குள் திறக்கட்டும். சினைப்பசுவும் கிடேரியும் உள்ள வீடுகளுக்கு அதில் முன்னுரிமை இருக்கட்டும். கையில் இவ்வளவு வைக்கோல் நிச்சயம் வரும் என்று தையில் தெரிந்தால், கடன் வாங்கியாவது கிடேரியை வைத்துக்கொள்ள எங்கள் வீட்டுப் பெண்கள் ஒப்புக்கொள்வார்கள். அவர்கள்தாம் அதை வளர்த்தவர்கள்.

கிடங்குக்கு இடம் இல்லை என்ற பதிலை ஒருமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் கண்மாய்க் கரையை ஒட்டி, வெள்ளம் ஏறாத மேட்டில், பழைய கதிரடிக்கும் களம் ஒன்று பயன்பாடின்றிக் கிடக்கிறது. இருநூறு வண்டி வைக்கோல் தாங்கும். லாரி வந்து திரும்பும் அளவுக்குப் பாதையும் உண்டு. ஊர்க்கூட்டத்தில் பேசி, கிடங்குக்கு அதை வாடகையின்றித் தர ஒப்புக்கொண்டிருக்கிறோம். காவலுக்கு முறைவைத்து ஆள் அனுப்பவும், மேலே விரிக்க வலை கொடுக்கவும் ஊரார் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கால்நடை வளர்க்கும் விவசாயி ஒருவர்,
தேவிபட்டினம் அருகே,
ராமநாதபுரம் மாவட்டம்.